மிஸ்ர சாபுவில் ஒரு வண்டி

மோட்டார் சைக்கிளின் செயின் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக வண்டி ஓடும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. சாதி, மதம், கட்சி எல்லாவற்றையும் கடந்து தமிழர்கள் ஒருமனதாக நம்பும் சொற்ப விஷயங்களில் இதுவும் ஒன்று என்பதால் மறுக்கவே மனம் வரவில்லை. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நம்பிக்கை தவறு. செயின் தொய்ந்திருக்க வேண்டும். இரண்டு பற்சக்கரங்களுக்கும் நடுவே அதை விரலால் தூக்கினால் ஓர் அங்குலம் மேலே வர வேண்டும். அதுவும் ஒரே இடத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு எழுந்து போகக் கூடாது, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கு இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. இந்த உண்மையைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவரும் சேதுரத்தினம், உறையூரில் தன் அடுக்குமாடி வீட்டின் தரைத்தள பார்க்கிங்கில், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஒரு பழைய பனியன் துணியும் தேய்ந்த பல்துலக்கியும் ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயுமாகக் குந்தி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு தாள் நான்காக மடித்து இருந்தது. அதைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் இசைக் கல்லூரியின் முதல்வர் மேஜைக்குச் சேர்க்க வேண்டும். சேர்க்கத்தான் போகிறார். அதற்கு முன் செயின். செயினுக்கு ஒன்றுமில்லை என்பது அவருக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமைதான் சுத்தம் செய்து கியர் ஆயில் விட்டார். வண்டியின் கோளாறு செயினில் இல்லை, ஐடிலில் இருந்தது. சிக்னலில் நின்றால் இன்ஜின் தடுக்கித் தடுக்கி இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. ஆனாலும் எழுத வேண்டிய ஒரு தாள் பையில் இருக்கும்போது மனிதனுக்குச் செயின் மிகவும் அழுக்காகத் தெரியும்.

சக்கரத்தை இடது கையால் மெல்லத் தள்ளினார், வலது கையில் பல்துலக்கி, கண்ணிக்குக் கண்ணி, டிக் டிக் டிக் என்று நகர்ந்தது, தகிட தகதிமி, தகிட தகதிமி, இதோ இதற்கும் ஏழு வந்துவிட்டது, எதற்கும் வந்துவிடுகிறது, மாடிப்படிக்கும் வந்துவிடுகிறது, டாக்டர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும். இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் போட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடித்துச் சுத்தம் செய்கிறவர்கள் உண்டு. சீக்கிரம் முடியும். விரலும் சீக்கிரம் முடியும். குளித்தலையில் ஒரு தவில்காரர் அப்படித்தான் துணியைப் பிடித்தார், துணி போன வழியே ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று, அதற்குப் பிறகு மற்ற விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் மடக்கிவைத்து வாசித்தார், நன்றாகத்தான் வாசித்தார், ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் அந்த விரலைத்தான் பார்த்தார்கள். சேதுரத்தினம் தன் விரல்களைப் பார்த்தார். மண்ணெண்ணெயில் நனைந்து வெளுத்திருந்தன. முப்பத்தொரு வருடம் மிருதங்கத்தில் விழுந்த விரல்கள். பத்தும் இருந்தன. விரல் போனால் எல்லோருக்கும் தெரியும். காது போனால் யாருக்குத் தெரியும்? போகிறவனுக்கே தெரியுமா? நேற்று அமுதவல்லி சமையலறையிலிருந்து என்னவோ கேட்டாள், இவர் ‘ம்’ என்றார், ‘என்ன ம், சட்னி தேங்காயா தக்காளியான்னு கேட்டா ம்னா என்ன அர்த்தம்’ என்றாள். அது கவனம். காது வேறு, கவனம் வேறு. அவர் காது சரியாகத்தான் இருக்கிறது. இன்ஜின் ஐடிலில் ஏழு அடிக்கு ஒரு முறை தடுக்குகிறது என்று இந்த ஊரில் வேறு யார் காதுக்குத் தெரிந்தது?

தெரிந்ததுதான் வினையாயிற்று. ஐடிலில் வண்டி அணைந்தால் எல்லோரும் செய்வது ஐடில் ஸ்குரூவைத் திருகி ஏற்றுவது. அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உதறுவது மாதிரி என்று சேதுரத்தினம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார், மிருதங்க வகுப்பில், மாணவர்கள் குறிப்பும் எடுத்துக்கொண்டார்கள். அவர் முறைப்படி போனார். ஏர் ஃபில்டரைக் கழற்றி உதறினார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், முனை வெள்ளையாக இருந்தது, காபிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டியது, வெள்ளை என்றால் காற்று அதிகம் பெட்ரோல் குறைவு. ஆக்சிலேட்டர் கேபிள் இழுத்துப் பிடிக்கவில்லை. அங்கேயே நின்று யோசித்திருந்தால் காற்று எங்கிருந்து அதிகம் வருகிறது என்று தேடியிருக்கலாம். ஆனால் அதற்குள் அந்த ஏழு காதில் விழுந்துவிட்டது. தகிட தகதிமி, தகிட தகதிமி, ஒவ்வொரு தகிடவின் ‘த’விலும் ஒரு விக்கல். ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிற தடுக்கல் என்றால் காற்றோ பெட்ரோலோ காரணமாக இருக்க முடியாது, காற்றுக்குத் தாளம் தெரியாது, ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறது என்று அர்த்தம். நியூட்ரலில் பின்சக்கரச் செயின் சுற்றாது, ஆகவே இன்ஜினுக்கு உள்ளே இருக்கும் சின்னச் செயின். இவ்வளவையும் அவர் ராயப்பனிடம் நின்றவாக்கில் விளக்கினார். ராயப்பன் இருபது வருடமாகப் பாலக்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். வாயில் ஒரு நட்டைக் கவ்விக்கொண்டு கேட்டான். ‘வாத்தியாரே, எனக்கு அப்பிடி ஒண்ணும் கேக்கல. சும்மா தடுக்குது, அவ்வளவுதான். காத்து உறிஞ்சுதான்னு பாப்போம்.’ ‘ராயப்பா, கேக்கறதுக்குன்னு ஒரு காது வேணும்.’ ‘அப்ப சரி, காது உங்களுது, கையி என்னுது, தொறக்கறேன்.’ ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்திருந்தான். மாலையில் போனபோது சொன்னான்: ‘நீங்க சொன்னீங்களேன்னு தொறந்தேன். உள்ள அம்புட்டும் கல்யாண மாப்பிள்ளையாட்டம் இருக்கு.’

கல்யாண மாப்பிள்ளை. பையிலிருக்கும் தாளுக்குக் காரணமான பெண்ணின் அப்பா தேர்வன்று அப்படித்தான் உடுத்திவந்திருந்தார், லால்குடி டெப்போவில் கண்டக்டர், மகளின் தேர்வுக்கு வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு, மடியில் சாப்பாட்டுப் பை, தேர்வறைக்கு வெளியே பெஞ்சில். மதிவதனி. மூன்றாம் வருடம். தகிட தகதிமி. ஏழு அடித் தாளமான மிஸ்ர சாபுவில் தனி ஆவர்த்தனம் வாசிக்கச் சொன்னார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தஞ்சாவூர்க்காரர், கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார், தாளம் போட்டது சேதுரத்தினம். முதல் பதினைந்து நிமிடம் ஒன்றுமில்லை. கடைசிக் கோர்வையில், மூன்று முறை வாசித்து பாட்டு தொடங்கும் எடுப்பில் வந்து விழ வேண்டிய இடத்தில், அவள் விழுந்தபோது அவர் கை தாளத்தில் இன்னும் அரை அடி பின்னால் இருந்தது. தாளத்தை முந்தி ஓடிவிட்டாள். இந்தப் பெண் ஓடுவாள் என்று அவருக்கு இரண்டாம் வருடமே தெரியும், வகுப்பிலேயே சொல்வார், ‘மதிவதனி பஸ்ஸைப் பிடிக்கப் போறா, யாரும் குறுக்கே நிக்காதீங்க’ என்று, எல்லோரும் சிரிப்பார்கள், அவளும். தாளில் எழுதினார்: தாளம் நழுவியது. நூற்றுக்கு முப்பத்தொன்று. தஞ்சாவூர்க்காரர் அறுபத்து நாலு போட்டிருந்தார். ‘எனக்கு ஒண்ணும் தெரியலையே சார், சரியாத்தானே வந்து விழுந்துச்சு’ என்றார் படியிறங்கும்போது, ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் வாதாடவில்லை. இருவர் மதிப்பெண்ணுக்கும் இருபதுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைத்துப் போட்டவர் எழுத்தில் விளக்க வேண்டும் என்பது விதி. தன் மதிப்பீட்டில் உறுதியாக இருக்கிறேன் என்று எழுதினால் அவள் தோல்வி, அடுத்த வருடம்தான் மறுபடி. சந்தேகம் இருக்கிறது என்று எழுதினால் மறுதேர்வு. அவளுக்கு ஜூனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை வேலை தயாராக இருக்கிறது, சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அது வேறு யாருக்கோ. இதை அவள் சொல்லவில்லை. அலுவலகத்தில் சொன்னார்கள். தேர்வறையில் அவள் செய்தது ஒன்றுதான். விழுந்த இடத்தில் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்க்காமல், கையைப் பார்த்தாள். தொடையில் கிடந்த அவருடைய வலது கையை. திமிர் என்று அப்போது நினைத்தார்.

அமுதவல்லி காபியோடு இறங்கி வந்தாள். தபால் ஆபீஸ் புடவை, தோளில் பை, ஒன்பதேகாலுக்குக் கிளம்ப வேண்டும். ‘செயினுக்கு எண்ணெய்க் குளியல் முடிஞ்சுதா? சாம்பிராணி கொண்டாரவா?’ என்றாள். அவர் டம்ளரை மணிக்கட்டுகளுக்கு நடுவே வாங்கினார், விரல் முழுக்க மண்ணெண்ணெய். ‘எழுதியாச்சா?’ ‘எழுதணும்.’ ‘என்னன்னு?’ ‘என்னன்னா என்ன, நடந்ததைத்தான்.’ அவள் அடுத்ததைக் கேட்பதற்குள் அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ராயப்பன். ‘வாத்தியாரே, அணையிறது நின்னுச்சா?’ ‘இல்லப்பா. அதே ஏழுதான்.’ ‘ஏழை விடுங்க. நான் சொல்ற மாதிரி ஒண்ணு செய்யிங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணி, ஒரு பேப்பரை சைலன்சர் வாயில லேசாப் பிடிங்க. இன்ஜின் நல்லா இருந்தா பேப்பர் வெளிய பாத்துப் படபடன்னு ஆடும். தடுக்கறப்ப உள்ள இழுக்கும். எங்க அப்பா காலத்து வேலை இது. முக்கியமா, ரெண்டு காதுலயும் பஞ்ச அடைச்சுக்கங்க.’ ‘பஞ்சு எதுக்கு?’ ‘காது இருந்தா நீங்க கச்சேரி கேப்பீங்க. கண்ணால மட்டும் பாருங்க.’ அமுதவல்லி சிரித்தாள். பையிலிருந்து காலி மணியார்டர் பாரம் ஒன்றையும், முதலுதவிப் பெட்டிக்கு வாங்கி வைத்திருந்த பஞ்சையும் எடுத்தாள். அரசாங்கச் சொத்து என்று அவர் பாரத்தைப் பார்த்து முனகினார். ‘பாதி கிழிஞ்சது. காதைக் காட்டுங்க’ என்றாள்.

பஞ்சு போனதும் உலகம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. உதைத்தார், வண்டி பிடித்துக்கொண்டது, அதிர்வு கால் வழியே வந்தது, சத்தம் வரவில்லை. அமுதவல்லி முந்தானையைச் செருகிக்கொண்டு சைலன்சர் பக்கம் குனிந்து பாரத்தைப் பிடித்தாள். ஏற்பாடு இது: பேப்பர் உள்ளே இழுக்கும்போதெல்லாம் அவள் சீட்டில் ஒரு குத்துக் குத்துவாள், ஒரு நாளைக்கு முந்நூறு முத்திரை குத்துகிற கை, குத்தை அவர் சீட்டில் வைத்த இடது உள்ளங்கையால் வாங்கிக்கொள்வார், வலது கையால் தொடையில் தாளம் போடுவார். கண்ணை மூடினார். கேட்காமல் தாளம் போடுவது இதுதான் முதல் தடவை, இருட்டில் மாடிப்படி இறங்குகிற மாதிரி இருந்தது, கால் வைக்கிற இடத்தில் படி இருக்குமா, தகிட தகதிமி, குத்து, ‘த’வில், தகிட தகதிமி தகிட தகதிமி, குத்து, ‘த’வில், இருந்தது, படி இருந்தது, ஒவ்வொரு முறையும் இருந்தது, நெஞ்சுக்குள் ஒரு சின்ன இனிப்பு பரவிற்று, முப்பத்தொரு வருடம், ராயப்பன் மெக்கானிக்தானே, தஞ்சாவூர்க்காரருக்கு ரயில் அவசரம், காது சரியாக இருக்கிறது, அடைத்தாலும் சரியாக இருக்கிறது, தகிட தகதிமி, குத்து. கண்ணைத் திறந்து அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார், காது அடைத்தவர்கள் எல்லோரும் சத்தமாகத்தான் சொல்வார்கள், மாடியில் எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்: ‘பாத்தியா, ஏழுலதான் விழுது.’ அவள் ஒரு விரலைக் காட்டினாள், இன்னொரு தடவை. மறுபடி கண்ணை மூடினார். மறுபடி குத்து. இந்த முறை இன்னும் சுத்தமாக இருந்தது. ‘த’வில், ‘த’வில், ‘த’வில். ‘ஏழேதான்’ என்றார். அவள் அவர் வலது காதின் பஞ்சை மட்டும் பிடுங்கினாள். ‘நான் பேப்பரையே பாக்கல’ என்றாள். ‘அப்புறம்?’ ‘இஷ்டத்துக்குக் குத்தினேன். பார்சல்ல குத்தற மாதிரி. உங்க கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.’ ‘கைக்கு என்ன?’ ‘நான் குத்தற இடத்துக்கு அது போய் நின்னுக்குது. ஒரு தடவை எட்டு போட்டீங்க. ஒரு தடவை அஞ்சுல திரும்பிட்டீங்க. உங்களுக்கே தெரியலையா?’

தெரியவில்லை. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், புடவையில் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, ஆனால் அவருக்கு அந்தத் தரைத்தளத்தில் காற்று நின்றுவிட்டது. தெரியவில்லை என்பது ஒரு பதிலா. கை தன்னுடையது, தொடை தன்னுடையது, எட்டுப் போட்டிருக்கிறது, சொல்லவில்லை. எவ்வளவு நாளாக? ஸ்ரீரங்கத்தில் மார்கழிக் கச்சேரியில் பாடகர் ஒருமுறை திரும்பிப் பார்த்தாரே, ஆமோதிப்பு என்றல்லவா எடுத்துக்கொண்டார். அது போகட்டும், மேடையில் தாளத்தைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள். தேர்வறையில் யார் இருந்தார்கள்? ஒருவர் கண்ணை மூடியிருந்தார். இன்னொருத்தி கண்ணைத் திறந்து பார்த்தாள். கையைப் பார்த்தாள். சீட்டில் குத்து விழுந்த இடத்துக்குக் கை போகும் என்றால், மதிவதனி ஓடுவாள் என்று இரண்டு வருடமாகச் சொல்லிவைத்த கை எங்கே போயிருக்கும். இல்லை, உண்மையிலேயே அவள் ஓடியிருக்கலாம், ஓடுகிற பெண்தானே. ஓடியிருக்கலாம். ஓடாமலும் இருந்திருக்கலாம். தேர்வறையில் மின்விசிறி வேறு டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது, அது கலைத்திருக்கும், மின்விசிறி என்று எழுதலாம், மின்விசிறிக்கு வாயில்லை. மறுப்பதற்கு ஆளில்லாத சாட்சியைக் கூப்பிடுகிறோமே என்று அவருக்கே கூசியது. நழுவியது தன் கையாக இருக்கலாம் என்று எழுதினால் மாலைக்குள் தஞ்சாவூர் வரை போய்விடும், சேதுரத்தினத்துக்குத் தாளம் நிற்கவில்லையாம், வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் எல்லா வாயிலும் இருக்கும், ஐம்பத்து நாலு வயசு, இன்னும் நாலு வருடம் சர்வீஸ் இருக்கிறது. எழுதாவிட்டால் எங்கும் போகாது. தோல்வி என்ற செய்தி லால்குடிக்கு மட்டும் போகும், சாப்பாட்டுப் பையோடு. இன்ஜின் இரண்டு முறை தடுக்கித் தானாக அணைந்தது. ‘நான் கிளம்பறேன்’ என்றாள் அமுதவல்லி. ‘அமுதா.’ ‘சொல்லுங்க.’ ‘ஒண்ணுமில்ல.’ அவள் நின்று, இடது காதில் மிச்சமிருந்த பஞ்சையும் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுபடி உதைத்தார். எண்ணுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு காது கொடுத்தார். எண்ணாமல் கேட்பது பழக்கமில்லாத வேலை, நாக்கைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவது போல. தடுக்கல் வந்தது. நீண்ட இடைவெளி. அடுத்தடுத்து இரண்டு. பிறகு ஒன்று. ஒரு ஒழுங்கும் இல்லை, குழந்தைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற மாதிரி இஷ்டத்துக்கு வந்தது. கை தொடையில் தானாக அசைந்தது, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கிற ரப்பர் குழாய் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ராயப்பன் முதல் நாளே காற்று உறிஞ்சுகிறதா என்று பார்க்கலாம் என்றானே, இந்தக் குழாயைத்தான் சொல்லியிருக்கிறான். கை கழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீரைத் துணியில் தோய்த்து ரப்பரின் அடிப்பக்கம் பிழிந்தார். இன்ஜின் சட்டென்று சீரானது. தண்ணீர் வெடிப்பை அடைத்த ஒரு கணம் ஒரு விக்கலும் இல்லாமல், மெழுகின மாதிரி ஓடிற்று. பிறகு தண்ணீர் உறிஞ்சப்பட்டது, தடுக்கல் திரும்பியது. விரலை வளைத்து அடியில் தடவினார். நகம் ஒரு கீறலில் இறங்கியது. வெளியே தெரியாத பக்கம், அரை அங்குலம். மூன்று வாரமாக அங்கேதான் இருந்திருக்கிறது. ஒரு துண்டு சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் முறுக்கினார், ரப்பர் வாங்கும்வரை தாங்கும்.

மணி பத்தேகால். கையைக் கழுவி, சீட்டையே மேஜையாக வைத்துக்கொண்டு தாளை விரித்தார். வண்டியை அணைக்கவில்லை, ஓடட்டும் என்று விட்டிருந்தார், பேனா முனை லேசாக அதிர்ந்தது. ‘தேர்வில் தாளம் போட்டது நான். நழுவியது மாணவியின் வாசிப்பா, என் கையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று எழுதினார். படித்துப் பார்த்தார். ‘உறுதியாக’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு ஆள் ஒளிந்துகொள்ள இடம் இருப்பதாகப் பட்டது. அதை அடித்தார். அடித்தது அழகாக இல்லை, அடித்தல் உள்ள தாளை அவர் மாணவர்களிடமிருந்து வாங்க மாட்டார், வேறு தாள் மாடியில் இருந்தது, மாடிக்குப் போனால் வேறு மாதிரி எழுதிவிடக்கூடும். அடித்தலுக்குப் பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட்டு, மறுதேர்வு வைக்கும்படி கேட்டு, கீழே பெயரும் தேதியும் எழுதி, மையை ஊதிக் காயவைத்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். புத்தூர் நால்ரோடு சிக்னலில் எண்பத்தைந்து விநாடி நின்றார். அணையவில்லை.

மறுதேர்வு அடுத்த வியாழக்கிழமை நடந்தது. மதிவதனிக்கு ஐம்பத்தெட்டு, தேர்ச்சி. அந்த ஆண்டிலிருந்து தேர்வறையில் தாளம் போடும் பொறுப்பு வாய்ப்பாட்டு ஆசிரியை கோமளத்திடம் கொடுக்கப்பட்டது.